சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேடிப் படிக்க எந்தத் தளம் கைகொடுக்கிறது? ஒரு மதிப்புரை

"கணவர் சம்பாதித்த சொத்தில் இல்லத்தரசிக்குச் சம பங்கு." "கிரிப்டோ கரன்சியும் சொத்துதான்." "கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்ற உத்தரவு." இப்படி ஒரு வரி வாட்ஸ்அப்பில் வந்து விழும், கூடவே உயர் நீதிமன்றக் கட்டடத்தின் படமும் இருக்கும். வழக்கு எண் இருக்காது, தேதி இருக்காது. தனி நீதிபதி சொன்னதா, இரு நீதிபதிகள் அமர்வு சொன்னதா என்பதும் தெரியாது. அந்த ஒரு வரியை நம்பி நிலத்தை வாங்குகிறவர்களும் வழக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தீர்ப்பை மூலத்திலேயே படிக்க இன்று காசு வேண்டியதில்லை. மத்திய அரசின் இ-கோர்ட்ஸ் தீர்ப்புத் தேடல் தளம், அதே திட்டத்தின் கைபேசிச் செயலி, இந்தியன் கானூன், சட்டச் செய்தித் தளங்களின் வாரத் தொகுப்பு என நான்கு வழிகள் உண்டு. நான்கையும் இங்கே மூன்று கேள்விகளால் அளக்கிறோம். தேடுவது கிடைக்கிறதா? முழுதாகக் கிடைக்கிறதா? கிடைத்த தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா, அதாவது மேல் நீதிமன்றத்தில் ரத்தாகாமலும் தடைபடாமலும் இருக்கிறதா என்று அந்தத் தளம் சொல்கிறதா? மூன்றாவதில் நான்குமே தோற்கின்றன. அதனால் அந்த வேலையை நாமே எப்படிச் செய்துகொள்வது என்பதற்கு இந்த மதிப்புரையில் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

இ-கோர்ட்ஸ் தீர்ப்புத் தேடல் தளம்

உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டி 2021 ஏப்ரலில் திறந்துவைத்த தளம் இது. எல்லா உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகளும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. முகப்பில் தேடல் கட்டம், அதன் கீழே கேப்ட்சா. சொல்லைப் போட்டுத் தேடினால் வரும் ஒவ்வொரு முடிவிலும் வழக்கின் பெயர், நீதிபதி பெயர், சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்கும் உரிய தனி அடையாள எண்), பதிவான தேதி, தீர்ப்புத் தேதி, எப்படி முடிந்தது என்ற குறிப்பு, எந்த நீதிமன்றம் என்பவை ஒரு கட்டமாகத் தெரியும். பெயரைத் தட்டினால் பிடிஎஃப் அந்தப் பக்கத்தின் மேலேயே திறக்கும்.

தளத்தின் பெரிய பலம் ஒன்றுதான்: இங்கே கிடைப்பது நீதிமன்றம் ஏற்றிய அதே கோப்பு. யாரும் மறுபடி தட்டச்சு செய்ததில்லை, சுருக்கியதில்லை. பக்க எண், பத்தி எண் எல்லாம் அப்படியே இருக்கும். வாதத்தில் "பத்தி 14" என்று காட்ட வேண்டுமானால் இதைத்தான் காட்ட வேண்டும்.

பலவீனம் தேடலில் இருக்கிறது. தேடலுக்கு மூன்று முறைகள் உண்டு: சொற்றொடர் அப்படியே, எல்லாச் சொற்களும், ஏதாவது ஒரு சொல். மூன்றாவதில் தேடினால் குப்பை கொட்டும். "வாடகை ஒப்பந்தம்" பற்றித் தேடினால் வாடகை என்ற சொல் வரும் எல்லாமும் வந்து நிற்கும். முதலில் சொற்றொடர் முறையை எடுங்கள், பிறகு இடப்பக்க வடிகட்டியில் சென்னை உயர் நீதிமன்றத்தையும் ஆண்டையும் தட்டுங்கள். கேப்ட்சா அடிக்கடி காலாவதியாகும். நீண்ட நேரம் ஒரு பிடிஎஃப்-ஐப் படித்துவிட்டுத் திரும்பினால் தேடல் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே கிடைத்ததை உடனே இறக்கிக்கொள்ளுங்கள், படிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் போட்டுத் தேடுவது தமிழ்நாட்டு வழக்குகளில் தலைவலி. நம் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னால் வரும், புள்ளி இருக்கும், இடைவெளி இருக்காது. செந்தில்குமார் என்பது ஒரு கோப்பில் ஒரே சொல்லாகவும், இன்னொன்றில் இரண்டு சொல்லாகவும் ஏறியிருக்கும். ழகரம் வரும் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் உண்டு. பெயரின் மிக உறுதியான துண்டு ஒன்றை மட்டும் போடுங்கள், ஆண்டைச் சேருங்கள். அதைவிட நல்லது வழக்கு எண்ணைக் கண்டுபிடித்து வருவது.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இரண்டு இடங்கள். பாரிமுனையில் முதன்மை அமர்வு, 2004 ஜூலை 24 முதல் மதுரைக் கிளை. மதுரை வழக்கு எண்ணில் எம்.டி. என்ற இரண்டு எழுத்து ஒட்டியிருக்கும்: டபிள்யூ.பி.(எம்.டி.). சி.என்.ஆர். எண்ணிலும் வேறுபாடு தெரியும். பதினாறு இடங்கள் கொண்ட அந்த எண், சென்னைக்கு எச்சிஎம்ஏ01 என்றும் மதுரைக்கு எச்சிஎம்டி01 என்றும் தொடங்கும். அடுத்த ஆறு இலக்கம் வரிசை எண், கடைசி நான்கு ஆண்டு. "வழக்கு இல்லை" என்று தளம் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு தரம் தவறான அமர்வில் தேடியிருப்போம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளே துறையைச் சொல்லிவிடும். டபிள்யூ.பி. என்றால் ரிட் மனு. அரசு, பல்கலைக்கழகம், உள்ளாட்சி, வரித்துறை மீதான குறைகள் பெரும்பாலும் இதில்தான். டபிள்யூ.ஏ. அதன் மேல்முறையீடு. சிஆர்எல்.ஓ.பி. என்பதில் முன்ஜாமீன், ஜாமீன், எஃப்.ஐ.ஆர். ரத்து எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். எச்.சி.பி. ஆட்கொணர்வு மனு, 1982-ம் ஆண்டின் தமிழ்நாடு 14-ம் எண் சட்டம், அதாவது குண்டர் சட்டத் தடுப்புக்காவலை எதிர்க்கும் வழக்குகள் இந்தத் தலைப்பில்தான் குவியும். சி.எம்.ஏ. என்றால் பெரும்பாலும் வாகன விபத்து இழப்பீடு. எஸ்.ஏ. இரண்டாம் மேல்முறையீடு, பாகப்பிரிவினை, பாதை, எல்லைத் தகராறு. சி.எஸ். என்பது உயர் நீதிமன்றமே முதல் நீதிமன்றமாக இருந்து விசாரிக்கும் சென்னை நகர உரிமையியல் வழக்கு. அதன் மேல்முறையீடு ஓ.எஸ்.ஏ. வருமான வரிக்கு டி.சி.ஏ. காப்புரிமை மேல்முறையீடுகளில் சி.எம்.ஏ.வுக்குப் பக்கத்தில் பி.டி. என்று அடைப்புக்குள் வரும். அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-ல் கலைக்கப்பட்ட பிறகு இவை உயர் நீதிமன்றத்துக்கு வந்தவை.

ஒரே ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டு ரிட் மனுக்களில் "செர்ஷியோரரிஃபைடு மாண்டமஸ்" என்ற கோரிக்கை எங்கும் நிறைந்திருக்கும். ஓர் உத்தரவை ரத்துசெய்து, இன்னதைச் செய் என்று கட்டளையிடவும் கேட்பது. அந்தச் சொல்லைத் தேடலில் போட்டால் எதுவும் வடிகட்டப்படாது.

கோப்பின் உடலை எங்கே பார்ப்பது

இறக்கிய பிடிஎஃப்-ஐ முதல் பக்கத்திலிருந்து அல்ல, கடைசிப் பக்கத்திலிருந்து பாருங்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் இடது ஓரமாகத் தேதி, தட்டச்சு செய்தவரின் சுருக்கெழுத்து, அதன் கீழே சின்னச் சின்ன வரிகள்: இன்டெக்ஸ் ஆம்/இல்லை, ஸ்பீக்கிங் ஆர்டர் ஆம்/இல்லை, நியூட்ரல் சைட்டேஷன் ஆம்/இல்லை. காரணம் விளக்கி எழுதிய உத்தரவா, விளக்கமின்றி முடித்ததா என்பதை நீதிமன்றமே அங்கே குறித்திருக்கும். "ஸ்பீக்கிங் ஆர்டர் அல்ல" என்று குறித்த ஒன்றரைப் பக்க உத்தரவை முன்னுதாரணம் என்று தூக்கிக்கொண்டு போவதில் பயன் இல்லை. நியூட்ரல் சைட்டேஷன் கொடுக்கப்பட்டிருந்தால் ஆண்டு, எம்எச்சி, ஓர் எண் என்ற வடிவில் முதல் பக்க மேல்மூலையில் இருக்கும். எந்தப் பதிப்பகத்தையும் சாராத அடையாளம் அது. குறித்து வைத்துக்கொண்டால் எந்தத் தளத்திலும் அதே தீர்ப்பை எடுத்துவிடலாம்.

பிறகு பக்க அடிக்குறிப்பு. நீதிமன்றத் தள முகவரியோடு, அண்மைக் கோப்புகளில் பதிவேற்றிய தேதியும் நொடிக் கணக்கில் நேரமும் இருக்கும். முதல் பக்கத்தில் தீர்ப்பு ஒத்திவைத்த தேதியும் அறிவித்த தேதியும் தனித்தனியாக இருக்கும். அறிவித்த நாளுக்கும் பதிவேற்றிய நாளுக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி விழுவதுண்டு. "நேற்று தீர்ப்பு வந்துவிட்டதாமே, தளத்தில் காணோமே" என்ற புகாருக்கு இதுதான் காரணம். தளத்தின் கோளாறு அல்ல.

ஒரே வழக்கில் பல உத்தரவுகள் இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. 2021-ம் ஆண்டின் டபிள்யூ.பி. 7284 இதற்கு நல்ல சான்று. பால்புதுமையினர் (எல்ஜிபிடிக்யூ) உரிமை பற்றி நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று எழுதிய உத்தரவுதான் பலருக்கும் தெரியும். அவர்களின் பாலியல் நாட்டத்தை மாற்றுகிறோம் என்று "சிகிச்சை" என்ற பெயரில் நடக்கும் முயற்சிகளுக்குத் தடை அதில்தான் வந்தது. ஆனால் அந்த வழக்கு தொடர் கட்டளையாக நீண்டு, வெவ்வேறு தேதிகளில் வெவ்வேறு துறைகளுக்கு உத்தரவுகள் வந்தன. எண்ணை மட்டும் போட்டு முதலில் கண்ணில் பட்ட கோப்பைத் திறந்தால் தேடியது கிடைக்காது. எண்ணோடு தேதியும் வேண்டும்.

இந்தியன் கானூன்

2008-ல் தொடங்கிய இந்தத் தளத்தின் தேடல், அரசுத் தளத்தைவிடப் பல மடங்கு கூர்மையானது. கேப்ட்சா இல்லை. இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் சொற்றொடர் அப்படியே தேடப்படும். அண்ட், ஆர், நாட் என்ற இணைப்புச் சொற்களுக்குக் கடைசி எழுத்தை இரட்டித்து எழுத வேண்டும்; இரட்டிக்காவிட்டால் அவற்றைச் சாதாரணச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். பலரும் சறுக்குவது இங்கேதான். முடிவுகள் வந்த பின் நீதிமன்றத்தைச் சென்னை என்று சுருக்கி, புதியது முதலில் என்று அடுக்கச் சொல்லலாம்.

தீர்ப்பில் எந்தச் சட்டப்பிரிவு வந்தாலும் அதற்கு இணைப்பு இருக்கும். தட்டினால் பிரிவின் வாசகம் திறக்கும். இதைவிட மதிப்பு வாய்ந்தது, "இது மேற்கோள் காட்டியவை", "இதை மேற்கோள் காட்டியவை" என்ற இரு பட்டியல்கள். இரண்டாவது பட்டியலைத் திறந்து, புதியதிலிருந்து பின்னோக்கிப் போனால் அந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்தவர்கள் ஏற்றார்களா, ஒதுக்கினார்களா என்பது புரிந்துவிடும். இலவசமாகக் கிடைப்பவற்றில் "தீர்ப்பு உயிரோடு இருக்கிறதா" என்ற கேள்விக்கு மிக அருகே வருவது இந்தப் பட்டியல்தான்.

பத்திகளுக்கு அருகே "உண்மைகள்", "மனுதாரர் வாதம்", "நீதிமன்றத்தின் காரணம்", "முடிவு" என்று வகைக்குறிகளும் இருக்கும். இயந்திரம் போட்ட குறி அது, தவறும். ஆனாலும் உபகாரமானது. ஏனென்றால் தீர்ப்பைப் படிப்பதில் நடக்கும் மிகப் பெரிய தவறு, மனுதாரரின் வக்கீல் வாதிட்டதை நீதிமன்றமே சொன்னதாக எடுத்துக்கொள்வது. முப்பது பக்கத் தீர்ப்பில் பன்னிரண்டு பக்கம் இரு தரப்பு வாதமாகவே ஓடலாம். "என்று கற்றறிந்த வழக்கறிஞர் வாதிட்டார்" என்ற தொடக்கம் ஒரு பத்தியில் இருக்கும். அடுத்த நான்கு பத்திகளில் இருக்காது. நடுவில் ஒரு பத்தியை மட்டும் வெட்டிப் பகிர்ந்தால் தோற்றுப்போன வாதம் தீர்ப்பாகிவிடும்.

இந்தத் தளமே ஒரு முக்கியமான வழக்கில் எதிர்மனுதாரராக நின்றது. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர், தன் பெயர் தீர்ப்பில் பொதுவெளியில் கிடப்பதை நீக்கக் கோரினார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரி 27 அன்று நீதிபதிகள் அனிதா சுமந்த், ஆர்.விஜயகுமார் அமர்வு, தளத்திலிருந்து எடுக்கவும் பெயரை மறைக்கவும் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. மறக்கப்படும் உரிமை பற்றிச் "சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது" என்று 2021-ஐ மட்டும் காட்டினாலும் தவறு, 2024 பிப்ரவரியை மட்டும் காட்டினாலும் தவறு. அதோடு, பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சம்ஹிதா 72-ம் பிரிவின் கீழ் குற்றம். குழந்தை என்றால் போக்சோ 23-ம் பிரிவும் சேரும். தீர்ப்பு இணையத்தில் இருக்கிறதே என்று அதை வைத்துப் பெயர், ஊரோடு பதிவு எழுதக் கூடாது.

உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது

2024 ஜனவரி 11 அன்று சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒரு குற்ற வழக்கை ரத்து செய்தார். குழந்தைகள் தொடர்பான ஆபாசக் காட்சியைக் கைபேசியில் இறக்கித் தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்பது அதன் சாரம். நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, வழக்கை மீண்டும் நடத்தச் சொன்னது. முதல் செய்தி இன்றும் இணையத்தில் கிடக்கிறது. தீர்ப்பின் கோப்பும் கிடக்கிறது. இலவசத் தளம் எதுவும் அதன் நெற்றியில் "இது ரத்தானது" என்று முத்திரை குத்துவதில்லை. இதை நம்பி நடந்துகொள்பவர் ஜெயிலுக்குப் போவார் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

சோதிக்கும் முறை கடினமில்லை. முதலில், தீர்ப்பின் வழக்கு எண்ணையும் ஆண்டையும் ஒரே சொற்றொடராக மேற்கோளுக்குள் போட்டு இரண்டு தளத்திலும் தேடுங்கள். மேல்முறையீட்டிலும் மறுஆய்விலும் நீதிமன்ற அவமதிப்பு மனுவிலும் மூல வழக்கின் எண் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும் என்பதால், அவை எல்லாம் வந்து நிற்கும். அடுத்து உச்ச நீதிமன்றத் தளத்தின் வழக்கு நிலைப் பகுதிக்குப் போங்கள். அங்கே கீழ் நீதிமன்ற விவரத்தை வைத்துத் தேடும் வழி உண்டு: உயர் நீதிமன்றம், அமர்வு, வழக்கு வகை, எண், ஆண்டு. அந்தத் தீர்ப்பை எதிர்த்துச் சிறப்பு அனுமதி மனு போடப்பட்டிருந்தால் எண்ணோடு வரும். தடை இருந்தால் அதன் உத்தரவையும் அங்கேயே இறக்கலாம். உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போக 90 நாள் அவகாசம் உண்டு, தாமதத்தை மன்னிக்கக் கேட்கவும் வழி உண்டு. ஆகவே ஒரு மாதத்துக்கு முந்தைய தீர்ப்பை ஒருமுறை சோதித்தால் போதாது. நான்கைந்து மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

இணையவழிச் சூதாட்ட வழக்குகளை வரிசையாக அடுக்கினால் இது ஏன் என்று விளங்கும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தடைச் சட்டத் திருத்தத்தை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அரசு புதுச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பர் 9 அன்று, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் வைத்தது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பிறகு 2025-ம் ஆண்டு விதிமுறைகள்: நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை விளையாடத் தடை, ஆதார் சரிபார்ப்பு. 2025 ஜூன் 3 அன்று அவை செல்லும் என்றது இரு நீதிபதிகள் அமர்வு. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்து சட்டம் இயற்றியது. நான்கு ஆண்டில் கேள்வியே மாறிவிட்டது. இதில் எந்த ஒரு தீர்ப்பை மட்டும் எடுத்தாலும் அரைகுறைதான்.

சட்டப்பிரிவு எண் மாறியதும் ஒரு பொறி. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா. பழைய சட்டத்தில் 482 என்றால் எஃப்.ஐ.ஆர். ரத்து, புதியதில் 482 என்றால் முன்ஜாமீன். ரத்து 528-க்குப் போய்விட்டது, ஜாமீன் 439-லிருந்து 483-க்கு, ஜீவனாம்சம் 125-லிருந்து 144-க்கு. "482" என்று மட்டும் தேடினால் இரண்டும் கலந்து வரும். சட்டத்தின் பெயரையும் சேர்த்தே தேடுங்கள்; பழைய, புதிய எண் இரண்டையும் தனித்தனியாக ஒருமுறை போடுங்கள்.

வாரத் தொகுப்புகள்

லைவ்லா, பார் அண்ட் பெஞ்ச் போன்ற சட்டச் செய்தித் தளங்கள் ஒவ்வொரு உயர் நீதிமன்றத்துக்கும் செய்தி தருகின்றன. லைவ்லாவின் வாரத் தொகுப்பு, சொத்து முதல் வரி வரை ஒரே பக்கத்தில் சுருக்கிக் கொடுப்பதால் வக்கீல்களே காபி குடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். தனக்கென்று ஒரு வரிசை எண்ணும் வழக்கு எண்ணும் தருவது நல்ல பழக்கம். அதை எடுத்துக்கொண்டு மூலத்துக்குப் போய்விடலாம். சில பகுதிகள் சந்தாவுக்குள் இருக்கின்றன.

குறை தலைப்பில் இருக்கிறது. இல்லத்தரசிக்குச் சம பங்கு என்ற 2023 ஜூன் 21 தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஓர் இரண்டாம் மேல்முறையீட்டில் எழுதியது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தக் குடும்ப உழைப்பும் சொத்து சேர்வதற்கான பங்களிப்புதான் என்று நீதிபதி ஏற்றார். மிக முக்கியமான, மனம் நிறைய வைக்கும் தீர்ப்பு. ஆனால் வழக்கில் இருந்த குறிப்பிட்ட சொத்துகளைப் பற்றி, அந்தச் சாட்சியங்களின் மேல் சொன்ன முடிவு அது. கணவர் பெயரில் உள்ள எல்லாச் சொத்திலும் எல்லா மனைவிக்கும் தானாகப் பாதி வந்துவிடும் என்று எந்தச் சட்டமும் இன்று இல்லை.

கிரிப்டோ தீர்ப்பும் அப்படித்தான். 2025 அக்டோபர் 25 அன்று வந்தது. வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ வர்த்தகத் தளத்தில் முடங்கிய எக்ஸ்ஆர்பி நாணயங்கள் பற்றியது. நடுவர் (ஆர்பிட்ரேஷன்) சட்டத்தின் 9-ம் பிரிவில், இடைக்காலப் பாதுகாப்புக் கேட்ட மனு. அதில் கிரிப்டோ, உடைமையாக வைத்துக்கொள்ளக்கூடிய சொத்து என்றார் நீதிபதி. அது பணம் என்றோ, அதை வைத்துக் கடையில் பொருள் வாங்கலாம் என்றோ சொல்லவில்லை. தலைப்பை மட்டும் படித்தவர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள்.

ஜிஎஸ்டி செய்திகளில் வேறு மாதிரிச் சிக்கல். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரே அச்சில் ஏராளமான உத்தரவுகள் வந்தன. நோட்டீஸ், ஜிஎஸ்டி போர்ட்டலின் "கூடுதல் நோட்டீஸ்கள்" பகுதியில் மட்டும் ஏற்றப்பட்டது, வணிகருக்குத் தெரியவில்லை, பதில் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்பது மனு. தகராறில் உள்ள வரியில் 10 சதவீதத்தை இரண்டு வாரம் போலக் குறித்த கெடுவுக்குள் கட்டினால், பழைய ஆணை ரத்து, புதிதாக விசாரி என்பது உத்தரவு. பின்னால் வந்த பல உத்தரவுகளில் 25 சதவீதம் கேட்கப்பட்டது. இது நிபந்தனையோடு கிடைக்கும் சலுகை. "போர்ட்டலில் மட்டும் ஏற்றிய நோட்டீஸ் செல்லாது" என்ற பொதுச் சட்டம் அல்ல. உத்தரவின் கடைசிப் பத்தியில் உள்ள கெடுவைத் தவறவிட்டால் கிடைத்த சலுகையும் கையைவிட்டுப் போய்விடும். செய்தியில் அந்தக் கடைசிப் பத்தி பெரும்பாலும் இருக்காது.

பதிவுத்துறை விஷயத்தில் செய்தித் தளங்களை மெச்ச வேண்டும். போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய 2022-ல் தமிழ்நாடு சேர்த்த 77-ஏ பிரிவு, 2024-ல் இரு நீதிபதிகள் அமர்வால் அரசமைப்புக்கு எதிரானது என்று அடிபட்டது. சொத்து வாங்குகிறவர்கள் எல்லோரையும் தொடும் தீர்ப்பு, அது மக்கள் கண்ணில் பட்டது இந்தத் தொகுப்புகளால்தான்.

செயலி, தமிழ் மொழிபெயர்ப்பு

இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலி தீர்ப்பு ஆராய்ச்சிக்கானது அல்ல. சொந்த வழக்கைப் பின்தொடர்வதற்கு. மேலே மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்ற மாற்றுப் பொத்தான் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் உயர் நீதிமன்ற எண்ணை மாவட்டப் பகுதியில் போட்டுவிட்டுச் செயலியைத் திட்டுகிறவர்கள் அதிகம். சி.என்.ஆர். எண் போட்டு "என் வழக்குகள்" பட்டியலில் சேமித்துவிடுங்கள். பட்டியல் கைபேசிக்குள்தான் இருக்கும். போன் மாற்றும் முன் ஏற்றுமதி செய்து கோப்பை எடுத்து வைக்காவிட்டால் போய்விடும். "டிஸ்போஸ்டு" என்று காட்டினால் வழக்கு முடிந்தது என்று மட்டுமே பொருள். ஜெயித்ததா, தோற்றதா, வேறு வழி பார்க்கச் சொல்லி அனுப்பினார்களா என்பதை உத்தரவைத் திறந்தே அறிய வேண்டும்.

தமிழில் படிக்க விரும்புகிறவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் தமிழாக்கங்கள் உண்டு. உயர் நீதிமன்றத் தளத்திலும் சில தீர்ப்புகள் தமிழில் ஏறுகின்றன. ஆனால் அரசமைப்பின் 348-ம் கூறுப்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம்தான். தமிழையும் வழக்காடு மொழியாக்கச் சட்டமன்றம் 2006-லேயே தீர்மானம் போட்டும் இன்றுவரை கைகூடவில்லை. ஆகவே தமிழாக்கம் புரிந்துகொள்ள மட்டும். முரண்பட்டால் ஆங்கில மூலம்தான் நிற்கும். தன் சொத்தைப் பற்றிய தீர்ப்பைத் தன் மொழியில் படிக்க ஒருவர் இத்தனை படி ஏற வேண்டியிருப்பது வேதனை.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் "இதற்குச் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு சொல்" என்று கேட்காதீர்கள். இல்லாத வழக்கு எண்ணை இருப்பதுபோலவே தரும். தந்தால், மேலே சொன்னபடி எண்ணைத் தேடிக் கோப்பைக் கண்ணால் பார்த்த பிறகே நம்புங்கள். கட்டணத் தளங்களான எஸ்சிசி ஆன்லைன், மனுபாத்ரா ஆகியவையும், மெட்ராஸ் லா ஜர்னல், சி.டி.சி. போன்ற இதழ்களும் தீர்ப்பின் சாரமான தலைக்குறிப்பும், பிறகு அது என்ன ஆனது என்ற பின்வரலாறும் சேர்த்துத் தருகின்றன. ஒரே வழக்குக்காகச் சந்தா கட்ட வேண்டியதில்லை; மாவட்ட வழக்கறிஞர் சங்க நூலகத்தில் உங்கள் வக்கீல் பார்த்துச் சொல்வார்.

எங்கள் தேர்வு: தேட இந்தியன் கானூன், எடுத்து வைத்துக்கொள்ள இ-கோர்ட்ஸ் பிடிஎஃப், உயிர் சோதிக்க உச்ச நீதிமன்ற வழக்கு நிலைப் பக்கம். வாரத் தொகுப்பு, என்ன நடக்கிறது என்று மோப்பம் பிடிக்க.

இந்த நான்கு இடத்திலும் கிடைக்காத ஒன்று உண்டு: நீதிமன்றமே முத்திரையிட்டுத் தரும் சான்றிட்ட நகல். இணையத்தில் இறக்கிய கோப்பு அதற்கு ஈடாகாது. உங்கள் வழக்கிலேயே எதிராகத் தீர்ப்பு வந்தால், பிடிஎஃப் வரட்டும் என்று காத்திருக்காமல் அறிவித்த அன்றே நகல் மனு போட்டுவிடுங்கள். தனி நீதிபதியின் ரிட் உத்தரவை எதிர்த்து ரிட் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். நகல் தயாராக எடுத்த நாட்களைக் காலவரையறைச் சட்டத்தின் 12-ம் பிரிவு அந்தக் கணக்கிலிருந்து கழித்துக் கொடுக்கும். மனு போட்ட தேதியும் நகல் தயாரான தேதியும் சான்றிட்ட நகலிலேயே முத்திரையாக இருக்கும். நகலைக் கையில் வாங்கியதும் முதலில் அந்தத் தேதிகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தவறாக இருந்தால் அந்த ஜன்னலை விட்டு நகரும் முன்பே திருத்தி வாங்குங்கள்.